கண் திறவாத மூன்று கேடயங்கள்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களே! மேகங்கள் பகலெல்லாம் மலையில் மேய்ந்துவிட்டு, மாலையில் ஊருக்குள் இறங்கி உறங்கிய காலம் அது. அந்த மலையடியில் நன்னாகன் என்றொரு தச்சன் இருந்தான். அவன் மனைவி பெயர் தும்பை.

நன்னாகன் குமிழ மரத்தில் கேடயம் செதுக்குவான். போருக்கு அல்ல, சுவரில் அழகுக்கு மாட்ட. அவன் உளி பட்டால் மரத்துக்குள்ளிருந்து யானை வரும், புலி வரும், மான் வரும். ஆனால் எதற்கும் கண் இருக்காது. கண் திறப்பது தும்பையின் வேலை. கேடயத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, ஊசி போன்ற சிற்றுளியால் மெல்லத் தொடுவாள். யானை விழிக்கும், புலி விழிக்கும், மான் விழிக்கும்.

ஒருநாள் நன்னாகன் சிங்கக் கேடயம் ஒன்றை அரசனிடம் கொண்டுபோனான். அரசன் அதன் முன்னால் நின்றான். நின்றவன் நகரவே இல்லை.

"என்ன பார்வை! என்னையே எடைபோடுகிறதே! முழுக்க உன் கைவேலையா?"

ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நன்னாகன் ஆமென்று தலையை ஆட்டினான். அரசன் அவன் கையில் பொற்காப்பு பூட்டினான்.

வீட்டில் தும்பை கேட்டாள்: "கண்ணைப் பற்றி ஏதும் சொன்னாரா?"

"நன்றாக இருக்கிறதாம்."

"யார் திறந்தது என்று கேட்டாரா?"

"கேட்கவில்லை."

அவள் காப்பைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வேனில் விழா வந்தது. மூன்று கேடயங்களை அரண்மனையிலேயே தங்கிச் செதுக்கித் தரும்படி அரசன் ஆள் அனுப்பினான். தும்பை சோறு கட்டிக் கொடுத்தாள். சிற்றுளியைக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

தாமரைக் குளத்து மண்டபத்தில் உட்கார்ந்து செதுக்கினான். யானை வந்தது, புலி வந்தது, மான் வந்தது. மூன்றும் கண்ணில்லாமல் நின்றன. துணிந்து யானையின் முகத்தில் உளியை வைத்தான். உளி வழுக்கிற்று, கண் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்தது. மற்ற இரண்டையும் தொட அவனுக்குக் கை வரவில்லை.

நண்பகல். குளத்துக் காற்றில் அவன் கண் சொருகியது. யானை மரத்தைவிட்டு இறங்கி வந்தது. "தண்ணீர் வாசம் வருகிறதே, குளம் எங்கே?" என்றது. புலி வந்தது. "என் குட்டிகளின் குரல் கேட்கிறதே, அவை எங்கே?" என்றது. மான் நடுங்கிக்கொண்டே வந்தது. "என் பக்கத்தில் நிற்பது யார்?" என்றது.

நன்னாகன் விழித்தபோது முகம் நனைந்திருந்தது. நேரே சபைக்குப் போய்க் காப்பைக் கழற்றி வைத்தான்.

"அரசே, கண் திறந்தவள் என் மனைவி தும்பை. அன்று நான் தலையாட்டியது பொய்."

அரசனின் முகம் சிவந்தது. "நீயே போய் அவளை அழைத்து வா. அவள் வர மறுத்தால், இனி இந்த நாட்டில் நீ உளியைத் தொடக் கூடாது."

நன்னாகன் ஓடினான்.

"தும்பை, சபையில் உண்மையைச் சொல்லிவிட்டேன்."

"எல்லார் முன்னாலுமா?"

"எல்லார் முன்னாலும்."

"என்னிடம் இன்னும் சொல்லவில்லையே."

அவன் தலை தாழ்ந்தது. "நீ திறந்த கண்ணை என்னுடையது என்று காட்டிக்கொண்டேன். தப்பு செய்துவிட்டேன், தும்பை."

தும்பை சிற்றுளியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மண்டபத்தில் அவள் உளி பட்டதும் மான் விழித்தது. புலி விழித்தது. யானையின் பள்ளத்தைத் தும்பை கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அங்கே கண் திறக்க மரம் மிச்சமில்லை. ஆகவே அதைச் சுற்றிச் சுருக்கங்கள் இழைத்து, மூடிய இமையாக்கினாள். யானை நின்றபடியே உறங்கியது.

அரசன் வியந்து போனான். "உறங்கும் யானை! இது யாருக்குத் தோன்றியது?"

இம்முறை நன்னாகன் தலையாட்டவில்லை. "நான் கெடுத்தேன், அரசே. அவள் உறங்க வைத்தாள்."

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். பொற்காப்பைத் தும்பையின் கையில் தானே பூட்டினான். அந்த யானையைப் பார்க்க வந்தவர்களெல்லாம் அதை எழுப்பிவிடக் கூடாதென்று மெல்லப் பேசினார்களாம்.

கூட உழைத்தவரின் பங்கை மறைத்துப் பெறும் புகழ் நிலைக்காது; அதை மனமாரச் சொல்லிப் பகிர்ந்துகொள்ளும் புகழே நிலைத்து நிற்கும்.