செம்மண்காட்டு நிறுத்தம்

“இந்த ஊர்ல எதுக்குப்பா நிக்குது?”

“சோதனைக்கு நிக்குதாம். நின்னா மட்டும் இங்க யாரு இறங்கப் போறா?”

புது ரயிலின் கதவருகே நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டது, நடைமேடை வேலியைப் பிடித்தபடி நின்ற சந்தையின் காதில் விழுந்தது. அவர்கள் அவளைப் பார்க்கவுமில்லை, அவள் கேட்கவேண்டுமென்று சொல்லவுமில்லை. கதவு ஓசையில்லாமல் மூடிக்கொண்டது. ரயில் போன பிறகு பார்த்தால், அன்று அந்த வண்டியிலிருந்து செம்மண்காட்டில் இறங்கியது அந்த ஒரு பேச்சு மட்டும்தான்.

செம்மண்காடு ஒரு காலத்தில் ஓடு சுட்ட ஊர். வீடுகளெல்லாம் கான்கிரீட்டுக்கு மாறிய பிறகு சூளைகள் ஒவ்வொன்றாக ஆறிப்போயின. நூல் மில்லும் மூடியது. பிள்ளைகள் படித்து முடித்ததும் வெளியூர் போனார்கள். பொங்கலுக்கு மட்டும் வந்தார்கள். பிறகு பொங்கலுக்கும் செல்போனில்தான் வந்தார்கள். ஊரைவிட்டுப் போகாமல் மிஞ்சியவர்களில் முக்கியமானவர்கள் ஸ்டேஷன், மினி பஸ், சந்தை.

சந்தைக்கு வாரத்தில் ஒரு நாள்தான் உயிர். செவ்வாய்க்கிழமை விடியும்போது எழுந்து உட்காருவாள். மினி பஸ் சுற்றுப்பட்டிகளையெல்லாம் சுற்றி, மிளகாய் மூட்டையும் கருப்பட்டிப் பெட்டியும் ஆட்டுக்குட்டியும் ஆட்களுமாகக் கொண்டுவந்து அவள் மடியில் இறக்குவான். விற்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. வாங்குகிறவர்கள்தான் தேய்ந்துகொண்டே வந்தார்கள். கக்கத்தில் வெறும் சாக்கை மடித்து வைத்துக்கொண்டு தூரத்தில் யாராவது வருவது தெரிந்தால் சந்தையின் முகம் மலர்ந்துவிடும். வெறும் சாக்கோடு வருகிறவர் வாங்க வருகிறவர். அப்படி ஒருவர் வந்து பல மாதம் ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மின்னல் வந்தது. தெற்கே துறைமுகப் பட்டணத்திலிருந்து வடக்கே தலைநகர் வரை ஒரே மூச்சில் ஓடும் வண்டி. அதற்கு வழிவிடுவதற்காகப் பழைய பாசஞ்சரை நிறுத்திவிட்டார்கள். ‘போனால் போகட்டும், பட்டணத்து வியாபாரி காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் என்னிடம் வந்துவிடுவார்’ என்று சந்தை மனக்கோட்டை கட்டினாள். கதவோரத்தில் கேட்ட பேச்சு அந்தக் கோட்டையில் ஒரு கல்லைப் பெயர்த்துவிட்டது.

மறுவாரம் மின்னலிலிருந்து முதல் ஆள் இறங்கினார். அவர் பெயர் கணக்கு. ஒல்லியான மனிதர், குரலும் ஒல்லி. தான் இறங்கியதை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை.

“ஒரு வருஷம் பார்ப்போம்” என்றார். “இங்கேருந்து போதுமான பேர் ஏறினா நிறுத்தம் நிரந்தரம். இல்லேன்னா மின்னல் நிக்காது.”

சந்தை தயங்கித் தயங்கிக் கேட்டாள். “ஏறுதவங்களை மட்டுந்தான் எண்ணுவீங்களா ஐயா? இறங்குதவங்களை?”

“இறங்குறவங்க டிக்கெட் எடுத்தது வேற ஊர்ல. அது அந்த ஊர்க் கணக்குல போயிடும்மா.”

“எங்க ஊருக்கு வந்தவங்கதானே?”

“வந்தவங்கதான். ஆனா உங்க கணக்குல வரமாட்டாங்க.”

“அப்போ, எல்லாரும் கிளம்பிப் போயிட்டா எங்க ஊரு நல்லா இருக்கிற ஊரா?”

கணக்கு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் எண்ணத்தான் வந்தேன்மா. அர்த்தம் சொல்ல வரல.”

ஸ்டேஷன் அண்ணாச்சிக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கவில்லை. புதுப் பெயிண்டும் கிரானைட் தரையுமாக அவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பல வருஷத்துக்குப் பிறகு அவரை யாரோ மதித்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினார்.

“முறை வச்சு ஏறுவோம். இன்னிக்கு ஏறுனா நாளைக்குத் திரும்பிருவோம். நாம ஏறுனா கணக்கு ஏறும். கணக்கு ஏறுனா வண்டி நிக்கும். வண்டி நின்னா ஆளு வரும். ஆளு வந்தா ஊரு நிமிந்துரும்.”

“ஆளு வரணும்னா நாம போகணுமா அண்ணாச்சி?” என்றான் மினி பஸ்.

“ஒனக்கென்னடே தெரியும்? வளைவு கண்டா ஹாரன் அடிக்கத் தெரியும்.”

எல்லாரும் சிரித்தார்கள். மினி பஸ்ஸும் சிரித்தான்.

முதலில் போனது மில் சங்கு. மில் மூடியதிலிருந்து ஊதாமல் கிடந்தவன். தலைநகரில் ஓர் அடுக்குமாடியில் தீ எச்சரிக்கை மணி வேலை கிடைத்ததாகச் சொல்லி அனுப்பினான். தீப்பிடிக்கிற வரைக்கும் சும்மா இருந்தால் போதுமாம். அடுத்தது டீக்கடை பாய்லர். அவரை ஒரு பெரிய ஓட்டலில் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். வருகிறவர்கள் அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். சொன்னவர்களும் அடுத்த மாதம் போய்விட்டார்கள்.

ஆனால் கணக்கு ஏறியது. ஒவ்வொரு மாதமும் ஸ்டேஷன் அதைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

பிறகு மினி பஸ்ஸின் முறை வந்தது. வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்பார்கள். வண்டியே வண்டியில் ஏறியதைச் செம்மண்காடு அன்றுதான் பார்த்தது.

“வந்திருவியாடே?” என்று கேட்டாள் சந்தை.

“என்னக்கா இப்படிக் கேக்கிய? நாளைக்குச் சாயங்காலம் உங்க முன்னால நிப்பேன். அந்தப் பின் ஸ்பிரிங்கை மட்டும் மாத்திட்டு வாரேன். உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?”

“நீ வந்தா போதும்.”

அவன் வரவில்லை. செய்திதான் வந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அலுவலகத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை. “ரோடு எண்ணெய் தடவுனாப்ல இருக்குக்கா. ஒரு குழி கிடையாது. டீசல் நேரத்துக்கு ஊத்துதாங்க. நம்ம ஊர்ல என் ஸ்பிரிங் உடைஞ்சு எத்தனை நாளு கிடந்தேன்னு உங்களுக்குத் தெரியும். நீங்களும் வந்திருங்க.”

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதனால்தான் சந்தைக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

அதன்பின் சுற்றுப்பட்டி மூட்டைகள் வந்து சேரவில்லை. டிவிஎஸ் வைத்திருந்தவர்கள் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்கள். மிளகாய் விற்கிற பேச்சித்தாய் மட்டும் மூட்டையைத் தலையில் வைத்து நடந்தே வந்தாள். சந்தை வாரா வாரம் சுருங்கினாள். அப்படியும் செவ்வாய் தவறாமல் எழுந்து உட்கார்ந்து, மின்னல் வரும் நேரத்தில் நடைமேடையைப் பார்ப்பாள். கதவுகள் திறக்கும். ஆட்கள் ஏறுவார்கள். கதவுகள் மூடும்.

வருஷம் முடிகிற கடைசிச் செவ்வாய் வந்தது. ஸ்டேஷன் அவளைத் தேடி, அவள் கடை விரிக்கும் பொட்டலுக்கே வந்துவிட்டார். இவ்வளவு வருஷத்தில் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

“கொஞ்சம் ஆளுதான் குறையுது தாயி. நீயும் ஒங்கூடக் கடை போடுதவங்களும் ஏறிட்டா முடிஞ்சுது. கழுத்துவரைக்கும் ஏறியாச்சு, தலைதான் பாக்கி.”

“இன்னிக்குச் செவ்வாய் அண்ணாச்சி.”

“செவ்வாய் அடுத்த வாரமும் வரும். மின்னல் வருமா?”

அவர் கண்கள் கலங்கியிருந்தன. பாசஞ்சரும் போய், மின்னலும் போய்விட்டால் அவர் வெறும் கட்டடம். சந்தைக்கு அது புரிந்தது. தனக்கு யாரும் வராத வலி என்னவென்று தெரிந்தவள் அவள்.

மூட்டைகளைப் பொட்டலிலேயே அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். எல்லாருமாக டிக்கெட் எடுத்தார்கள்.

“ஏ சந்தை, இம்புட்டு மிளகாயையும் யாரு பாத்துக்கிடுவா?” என்றாள் பேச்சித்தாய்.

“திருடன்கூட வரமாட்டான், வா.”

மின்னலின் உள்ளே குளிராக இருந்தது. பேச்சித்தாய் இருக்கையில் சாயப் பயந்து நுனியில் உட்கார்ந்தாள். மின்னல் மரியாதையானவன். இவர்கள் உட்கார்ந்ததும் மெல்லிய குரலில் சொன்னான்.

“சௌகரியமா இருங்கம்மா. கதவுக்குப் பக்கத்துல அந்தச் சிவப்புக் கைப்பிடி தெரியுதா? அதை மட்டும் தொடாதீங்க. இழுத்தா நான் நின்னுடுவேன்.”

எதிர் இருக்கையில் இருந்த கணக்கு தலையாட்டினார். “வழியில வண்டியை நிறுத்தின ஊருக்கு அப்புறம் நிறுத்தமே கிடையாது. அது விதி.”

சந்தை மின்னலிடம் வெகு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள். “ஐயா, எங்க ஆளுக ஒவ்வொருத்தரையா நீங்க கொண்டுபோயிட்டீங்களே?”

“கொண்டுபோனேன்மா. இல்லேன்னு சொல்லல. கொண்டுவரவும் செய்யறேன். போறவங்களுக்கு ஒரு கதவு, வர்றவங்களுக்கு ஒரு கதவுன்னு என்கிட்ட கிடையாது. ஒரே கதவுதான். இறங்க ஒரு காரணம் இருந்தா இறங்குவாங்க.”

கதவுகள் மூடின. வண்டி நகர்ந்தது. நகர்வதே தெரியவில்லை. ஸ்டேஷன்தான் பின்னால் நகர்வது போல இருந்தது.

அப்போதுதான் சந்தை ஜன்னல் வழியே பார்த்தாள்.

நடைமேடையின் கடைசியில் ஒரு பெண் நின்றிருந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாலாபுறமும் பார்த்தாள். அவள் கக்கத்தில் மடித்த சாக்குகள். ஒன்றிரண்டு இல்லை, கயிறு போட்டுக் கட்டிய ஒரு பெரிய கட்டு. அவள் ஸ்டேஷனிடம் ஏதோ கேட்டாள். ஸ்டேஷன் கையை நீட்டிப் பொட்டலைக் காட்டினார். பிறகு போகிற ரயிலைக் காட்டினார். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டார்.

“ஐயா, நிறுத்துங்க. ஒரு ஆளு இறங்கியிருக்கு!”

“தெரியும்மா” என்றான் மின்னல். “நான்தானே பட்டணத்துலேருந்து கொண்டுவந்தேன். வழியெல்லாம் மிளகாயைப் பத்தித்தான் பேசிட்டு வந்தாங்க. ஆனா நிறுத்தம் தாண்டிடுச்சு. இனிமே நானா நிக்க முடியாது.”

“திரும்ப வருவாங்களா?”

“வெறும் சாக்கோட திரும்பிப் போறவங்க மறுபடி வந்து நான் பார்த்ததில்லை.”

கணக்கு எழுந்து நின்று, முதன்முறையாகச் சிரித்தார். “நல்ல செய்திம்மா. சரியா வந்துடுச்சு. செம்மண்காட்டுக்கு நிறுத்தம் நிரந்தரம். இனி யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் வந்து இறங்கலாம்.”

ஜன்னலில் அந்தப் பெண் சிறிதாகிக்கொண்டிருந்தாள். சாக்குக் கட்டைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, திரும்புகிற வண்டி எப்போது என்று பலகையை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் பொட்டலில், தார்ப்பாயின் ஒரு முனை காற்றில் தூக்கித் தூக்கி அடித்தது.

சந்தை எழுந்தாள்.

“எங்க போற?” என்றாள் பேச்சித்தாய்.

சந்தை இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து நடந்து கதவுவரை போனாள். சிவப்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள்.