வாணத்துக்குக் கதை எதற்கு

“வாணத்துக்குக் கதை வேணும்னு முதல்ல எவன் சொன்னானோ, அவன் அயோக்கியன்” என்றார் திருமலைச்சாமி. “என்னோட ஆறு மாசத்தைத் தின்னுட்டான்.”

ஜெபக்கனி வாணம் விடும் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஆளு யாருன்னு தெரியுமா அண்ணாச்சி?”

“தெரிஞ்சா இங்க நின்னு பேசிக்கிட்டிருப்பேனா? சட்டையைப் பிடிச்சிருப்பேன்.”

திருமலைச்சாமி அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவின் முதலாளி. அறுபத்திரண்டு வயது. சந்தையில் தர்ப்பூசணிக் கீற்று விற்று மேலே வந்தவர். எதையும் சொன்ன விலைக்கு வாங்கியது கிடையாது.

ஜெபக்கனிக்கு நாற்பது. சனிக்கிழமைதோறும் பூங்கா மூடும் நேரத்தில் அங்கே வாணவேடிக்கை விடுகிறவள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் முதலாளி அவளிடம் சீடனாகச் சேர்ந்தார். தொழில் கைக்கு வந்துவிட்டால் இவள் எதற்கு என்பது அவர் நினைப்பு. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் சேர்த்துக்கொண்டாள்.

“முதல்ல கதையைச் சொல்லிப் பழகுங்க” என்றாள்.

கதை இதுதான். மழை வரப்போகிறது. ஒரு தாய் வாசலில் நின்று ஒன்பது பிள்ளைகளையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். மரத்து மேலிருந்து ஒருத்தன், கிணற்றுமேட்டிலிருந்து பவுனு, இப்படி ஆளுக்கொரு மூலையிலிருந்து பதில் சொல்கிறார்கள். ஓடி வருகிறார்கள். மழை கொட்டுகிறது.

கூப்பிடுவது ஒரு வெடி. பதில் ஒன்று. ஓட்டம் ஒன்று. வாசல்படி மிதிப்பது ஒன்று. ஒன்பது பிள்ளைக்கு முப்பத்தாறு. மழைக்கு ஐந்து.

“கூட்டத்துல ஒருத்தனுக்காவது இந்தக் கதை தெரியுமா?”

“தெரியாது.”

“ஸ்பீக்கர்ல சொல்லவும் விடமாட்டேங்குறே.”

“சொல்ல வேண்டாம்.”

“பிறகு யாருக்கும்மா இந்தக் கதை?”

ஜெபக்கனி ஒரு குழாயைத் தூக்கி அவர் தோளில் வைத்தாள்.

“மைதானத்துல கொண்டுபோய் நடுங்க. நடும்போது இது எந்தப் பிள்ளைன்னு சொல்லிக்கிட்டே நடுங்க.”

*

“கதை வேண்டாம். நான் வெடியை எண்ணிக்கிறேன்” என்றார் ஒருநாள்.

“எண்ணுங்க.”

அந்தச் சனிக்கிழமை எண்ணினார். நாற்பத்தேழு வந்தது.

அடுத்த சனிக்கிழமை முப்பத்தெட்டு.

“ஒண்ணு மூணா வெடிக்குது. ரெண்டு ஒண்ணா வெடிக்குது. போதாததுக்குப் பின்னால இருக்குற மலை வேற திருப்பிக் கத்துது.”

“மலையை நான் என்ன செய்ய?”

*

“சரி, ஒரு படி இறங்கி வாரேன்” என்றார் இன்னொரு நாள். “கதை இருந்துட்டுப் போகட்டும். உருப்படியான கதை எதுக்கு? ஒரு ராஜா, ஒரு அரக்கன் போதாதா? ஊரு பூரா அதைத்தானே காட்டுறான்.”

“சொல்லுங்க, கேட்போம்.”

“ராஜா வந்தான். அரக்கன் வந்தான். ராஜா அடிச்சான். அரக்கன் அடிச்சான். ராஜா அடிச்சான். அரக்கன் அடிச்சான். ராஜா அடிச்சான். அரக்கன் அடிச்சான். ராஜா அடிச்சான். அரக்கன் செத்தான். கைதட்டு.”

ஜெபக்கனி கேட்டுவிட்டுத் திருப்பிச் சொன்னாள். ஒவ்வொரு அடிக்கும் தொடையில் ஒரு தட்டு தட்டினாள்.

“சரியா அண்ணாச்சி?”

“அட்சரம் பிசகலை.”

“ரெண்டு அடியை முழுங்கிட்டேன்.”

அவர் சிரித்தார். “களவாணி! போனாப் போகுது. அரக்கன் செத்துட்டான்ல?”

“செத்துட்டான். அந்த ரெண்டு அடியும் இப்ப எங்க இருக்கு?”

அவள் சிரிக்கவில்லை.

அவருக்குக் கேள்வி பிடிபடவில்லை. எரிச்சல்தான் வந்தது.

*

அந்தப் பூங்காவில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வெடி அடங்கியதும் மைதானத்துக் கம்பிக் கதவு திறக்கும். பிள்ளைகள் உள்ளே பாய்ந்து வெந்த காகிதம், உடைந்த மூடி, கருகிய அட்டை என்று பொறுக்குவார்கள். அதிகம் பொறுக்கினவன் அந்த வாரத்து வீரன்.

இது திருமலைச்சாமியின் மூளையில் உதித்தது. குப்பை தானாகப் போகும், கூட்டம் தானாக வரும். இப்படி ஒரு பேரம் எவனுக்கும் படிந்ததில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஜெபக்கனி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். கதவுச் சாவி அவளிடம்தான் இருக்கும்.

*

அவர் சேர்ந்து ஆறு மாதம் முடிந்த ஒரு சனிக்கிழமை அவள் சுவிட்ச் பலகையின் முன்னாலிருந்து எழுந்துகொண்டாள்.

“உட்காருங்க. இன்னைக்கு நீங்க.”

நாற்பத்தொரு சுவிட்ச். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன விளக்கு. அவர் அமுக்க அமுக்க விளக்குகள் வரிசையாக எரிந்தன. வானம் கிழிந்தது. சனம் ஊளையிட்டது. முதுகில் வேர்வை ஓடியது. தர்ப்பூசணி விற்றவன் வானத்தில் எழுதுகிறான்.

கடைசி மழை கொட்டி முடிந்தது. கைதட்டல் அடங்க நேரமானது.

“எப்படி?” என்றார்.

ஜெபக்கனி மடியிலிருந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“கதை முடிஞ்சிருந்தா திறங்க.”

*

கம்பிக் கதவில் பிள்ளைகள் வௌவால் மாதிரி அப்பியிருந்தார்கள்.

“தாத்தா, திறங்க! போன வாரம் எனக்கு மூணே மூணுதான் கிடைச்சுது.”

“எனக்கு முப்பது!”

“புளுகாதடா, அதுல பாதி மிட்டாய்த் தாளு.”

பின்னால் ஒரு தகப்பன் கத்தினார். “பெரியவரே, பூட்டுக்குப் பூஜை போடுறீரா? பஸ்ஸு போயிரும்யா!”

“இந்தா, இந்தா” என்றார் திருமலைச்சாமி. சாவியைப் பூட்டில் நுழைத்தார்.

ஆறு மாதப் பழக்கம். வாய் தானாக முணுமுணுத்தது.

“மூத்தவனைக் கூப்பிட்டா, வந்தான். செல்லியைக் கூப்பிட்டா, வந்தா. ரெட்டையனுக ரெண்டும் வந்தாச்சு. மரத்துல இருந்தவன் இறங்கி வந்துட்டான்...”

சாவி பாதி திரும்பியிருந்தது.

“பவுனைக் கூப்பிட்டா. கிணத்துமேட்டுல இருந்து பச்சையா...”

சாவி நின்றது.

“பச்சையா...”

பவுனின் பதில் பச்சை. மற்றதைப் போல உயரப் போகாது. கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற குரல் மாதிரித் தாழ விரியும். அதை நட்டது அவர்தான். பவுனு, பவுனு என்று சொல்லிக்கொண்டே நட்டார்.

“ஜெபக்கனி.”

“சொல்லுங்க.”

“பச்சை வந்துச்சா?”

“அமுக்கினது நீங்க.”

“விளக்கு எரிஞ்சுது! நாற்பத்தொண்ணும் எரிஞ்சுது, என் கண்ணால பார்த்தேன்!”

“நீங்க அமுக்கினதுக்கு விளக்கு எரியும் அண்ணாச்சி. அது வெடிச்சதுக்கு எரியாது.”

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். ஜெபக்கனி கதவின் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் கணு வெளுத்திருந்தது. எப்போதிருந்து பிடித்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

அவர் சாவியைத் திருப்பிப் பூட்டினார். சாவியை உருவிக்கொண்டார்.

“திறக்க முடியாது. எல்லாரும் பின்னால போங்க.”

“என்னது?”

“போங்கன்னேன்! இன்னும் அரை மணி நேரத்துக்கு எவனும் உள்ள வரக்கூடாது.”

“ஏமாத்துறீரா? டிக்கெட்டுல போட்டிருக்குய்யா!”

“போட்டவன் நான்தான்யா! நான்தான் சொல்றேன், போ!”

தொப்பியைக் கழற்றி ஒருத்தர் அவர் மேல் எறிந்தார். யாரோ விசில் அடித்தார்கள். கதவு அதிர்ந்தது.

சின்னப் பெண் ஒருத்தி ஓரத்தில் கம்பிக்கு அடியில் ஏற்கெனவே பாதி உடம்பை நுழைத்துவிட்டிருந்தாள். கையில் மஞ்சள் பை. அவர் மண்டியிட்டு அவள் கவுனை எட்டிப் பிடித்தார்.

“விடுங்க தாத்தா! முதல்ல போனாத்தான் பெரிசு கிடைக்கும்.”

“ஏ தாயி, வேண்டாம். வெளிய வா. உன் காலைப் பிடிக்கிறேன், வா.”

எவன் காலையும் பிடித்துப் பழக்கமில்லாத மனிதர். உண்மையாகவே அந்தப் பிஞ்சுக் காலைப் பிடித்து இழுத்தார். முழங்கை இரண்டும் சிராய்ந்து அவள் வெளியே வந்தாள். வீறிட்டு அழுதாள். அவள் அம்மா அவரை நெஞ்சில் அடித்தாள். வாங்கிக்கொண்டார்.

ஜெபக்கனி அவர் தோளைத் தொட்டு மைதானத்தைக் காட்டினாள்.

காற்று மாறியிருந்தது. புகை மெல்ல விலகியது. நாற்பத்தொரு குழாய்கள் இருட்டில் வாய் பிளந்து நின்றன.

பவுனின் குழாய் வாயில் மட்டும் சிவப்பாக ஒரு கங்குப் பொட்டு.

அணைந்தது.

மறுபடி தெரிந்தது.

திருமலைச்சாமி எழுந்தார். கதவுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்து நின்றார். கம்பி முதுகில் பதிந்தது. முன்னால் நானூறு பேர் தள்ளினார்கள். பின்னால் அந்தப் பொட்டு.

“இந்தக் கதையைக் கட்டினது யாரு?” என்றார்.

“தெரியாது அண்ணாச்சி. எனக்குச் சொல்லிக் கொடுத்தவங்களுக்கும் தெரியாது.”

“அவன் இப்படி எத்தனை கதவுல நின்னானோ.”

ஜெபக்கனி மணல் வாளியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

சிவப்பு மறுபடி தெரிந்தது. இந்தத் தடவை அணையவில்லை.

திருமலைச்சாமி தலையைத் திருப்பி இருட்டைப் பார்த்துக் கத்தினார்.

“கதை கட்டினவனே! எங்கய்யா இருக்கே? பவுனு இன்னும் வெளிய நிக்கிறா. நீ அனுப்பின பிள்ளை. வா. வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ!”