குப்பைமேட்டு எருக்கு

செடிகொடிகள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், உக்கிரசீலர் என்ற முனிவரின் நந்தவனத்தில் மல்லிகைக்குப் பக்கத்திலேயே வெள்ளெருக்கும் நின்றது. குடம் குடமாகத் தண்ணீர் கிடைத்தது. ஒரே குறை, முனிவருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

ஒரு நாள் காலையில் அவசரப்பட்டு, எருக்கம்பூவைக் கிள்ளாமல் கிளையையே முறித்தார். பால் தெறித்துக் கண்ணில் பட்டது.

"இனி உனக்கு எவரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். ஆடு மாடுகூட உன்மேல் வாய் வைக்காது. குப்பைமேட்டில் கிட" என்று சபித்து, வேரோடு பிடுங்கி எறிந்தார்.

முறித்தவர் அவர், சாபம் எருக்குக்கு. நல்ல நியாயம்தான். எருக்கு நாள் முழுக்க அழுதது. பிறகு, இவரே ஒரு நாள் என்னைத் தேடி வர வேண்டும் என்று வைராக்கியம் கொண்டது. அதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டுமே. வேரை ஆழமாக இறக்கி, பனியைக் குடித்துப் பிழைத்துக்கொண்டது.

அப்புறம் மூன்று வருடம் மழை இல்லை. நந்தவனம் காய்ந்துபோயிற்று. முனிவர் பிள்ளையாருக்கு நாற்பத்தெட்டு நாள் பூசை தொடங்கியிருந்தார். ஒரு நாள் பூ தவறினாலும் செய்த தவமெல்லாம் பாழ். கிணற்றடியில் தப்பிய ஒற்றை மல்லிகைக்கொடிதான் நாற்பத்தேழு நாளும் பூ தந்தது. கடைசி நாள் விடிந்தபோது அதையும் ஆடு தின்றிருந்தது.

முனிவர் தலைகுனிந்து குப்பைமேட்டில் ஏறி வருவதை எருக்கு பார்த்தது. அதன் நெஞ்சு குளிர்ந்தது. உடம்பெல்லாம் கொத்துக் கொத்தாகப் பூ.

"கேட்கவே வெட்கமாக இருக்கிறது. பூ கொடு, சாபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்."

"எடுத்துவிடாதீர்கள் சாமி. ஆடு வாய் வைக்காது என்றீர்களே, அதுதான் இப்போது எனக்கு வேலி. தண்ணீருக்கும் நான் யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை. பூ தருகிறேன். ஆனால் கிளையை முறிக்கக் கூடாது. இங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி, உங்கள் கையாலேயே மாலை கட்ட வேண்டும்."

உக்கிரசீலர் குப்பைமேட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். விரலெல்லாம் பால் பிசுபிசுத்தது. ஊரே வேடிக்கை பார்த்தது.

அன்று அந்த மாலை பிள்ளையார் கழுத்தில் ஏறியதுதான். சதுர்த்திக்குச் சதுர்த்தி எருக்கம்பூ மாலை இல்லாமல் அவருக்குப் பூசை இல்லை. எருக்குக்கு இன்றைக்கும் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அது கேட்பதும் இல்லை.