ரத்தத்தில் பூஜ்யம்

டாக்டர் ரூபவதியிடம் பாடம் கேட்க வந்த இன்பசேகரன் அவரைவிட வயதில் மூத்தவர். பல ஆண்டுகள் சிறுநீரகம் பொருத்திய கை அவருடையது. பொருத்தியபின் அதைக் காப்பது எப்படி என்று கற்க வந்திருந்தார்.

ஒரு நாள் சோதனை முடிவோடு வேகமாக உள்ளே வந்தார்.

"மேடம், இருளப்பனுக்குப் பூஜ்யம்."

இருளப்பன் முடிதிருத்துபவர். மனைவி பேச்சியம்மாள் கொடுத்த சிறுநீரகம் அவர் உடம்பில் வேலை செய்கிறது. அதன் செல்கள் சிதையும்போது அவற்றின் மரபணுத் துணுக்குகள் அவர் ரத்தத்தில் கலக்கும். துணுக்குகள் கூடினால், உடம்பு அந்தச் சிறுநீரகத்தை அந்நியமென்று தாக்கத் தொடங்கியிருக்கலாம். அதைத் தடுக்கும் மருந்தால் அவருக்குக் கை நடுங்கியது. சவரக்கத்தி பிடிக்க முடியவில்லை. மருந்தைக் குறைத்தால் தொழிலுக்குத் திரும்பலாம். நேரமறியாமல் குறைத்தால் சிறுநீரகம் போய்விடும்.

"ஒரு துணுக்குகூட இல்லை. குறைத்துவிடலாமா?"

ரூபவதி தாளைப் பார்த்தார். "இது யாருடைய ரத்தம்?"

"பெயர் போட்டிருக்கிறதே மேடம்."

ரூபவதி கணவன் மனைவி இருவரையும் வரவழைத்தார். ரத்தம் எடுக்க இருளப்பனின் கையில் தானே பட்டையைக் கட்டினார்.

"மறுபடியுமா? போன வாரந்தான எடுத்தாக," என்றார் இருளப்பன்.

"எனக்குந்தான் எடுத்தாக," என்றார் பேச்சியம்மாள். "கிட்னி குடுத்தவளையும் பாக்கணும்னாக. இவுகளுக்கு ஊசியப் பாத்தாலே மயக்கம். நர்சம்மா இவுகளத் தாங்கிப் பிடிக்க ஓடிருச்சு. பேரு ஒட்டாத குழாய் ரெண்டும் மேசையில கெடந்துச்சு."

"மயக்கமெல்லாம் இல்ல. சும்மா கண்ண மூடுனேன்."

"நாற்காலியோட சாஞ்சு மூடுனீகளாக்கும்."

இன்பசேகரன் பழைய தாளைத் திரும்பப் பார்த்தார். குழாய் மாறியிருக்கிறது. பேச்சியம்மாளின் ரத்தத்தில் வேறொருவர் துணுக்கு எப்படி இருக்கும்?

புதிய முடிவு வந்தது. பூஜ்யம் இல்லை. சிறிய எண். முந்தைய சோதனைகளில் இருந்த அதே அளவு; கூடவில்லை.

ரூபவதி மருந்தைக் கொஞ்சம் குறைத்து எழுதினார். அடுத்த மாதம் மீண்டும் ரத்தம் கொடுக்க வரச் சொன்னார்.

இருளப்பன் சிரித்தார். இன்பசேகரனின் தாடியைப் பார்த்து, "மொத சவரம் உங்களுக்குத்தான் சார்," என்றார்.

"மொதல்ல கை நிக்கட்டும்," என்றார் பேச்சியம்மாள். "டாக்டர் பாவம்."

இருவரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். இன்பசேகரன் நின்றுகொண்டே இருந்தார்.

"பூஜ்யம் என்றபோது குறைக்கவில்லை. துணுக்கு இருக்கிறது என்று தெரிந்தபின் குறைக்கிறீர்கள்."

"ஆமாம்."

"அப்படியானால் அவர் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை என்றைக்கு முழுசாக ஏற்றுக்கொள்ளும் மேடம்? துணுக்கே இல்லாத நாள் எப்போது வரும்?"

ரூபவதி கையுறையைக் கழற்றினார்.

"குடியிருக்கிற வீட்டில் குப்பை விழத்தான் செய்யும், டாக்டர். எவ்வளவு விழுகிறது என்று மட்டும் பாருங்கள்."