வந்தவர்க்கே நெல்

வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறேன், சரியா? ஆனால் இப்போதே இல்லை. இப்போதே சிரித்தால் கதை பாதியில் புரையேறிவிடும். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வாருங்கள். எங்கே திறப்பது என்று நானே சொல்கிறேன்.

வெகு காலத்துக்கு முன்னால் செங்குளநாடு என்று ஒரு நாடு. அதை வீரகண்டன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் நினைத்தால் நினைத்தபடி ஆணை போடுவார். காலையில் யானைகளுக்கெல்லாம் விடுமுறை என்பார், சாயங்காலம் ரத்து என்பார். அவர் போட்டதிலேயே பெரிய ஆணை இதுதான்: "இனி எந்த அரசாணையும் மூன்று சொல்லுக்கு மேல் போகக் கூடாது. நாலாவது சொல்லைக் கேட்டால் எனக்குத் தலை வலிக்கிறது!"

அந்த நாட்டில் ஒரு கோடையில் அம்மை பரவியது. ஊர்க்காரர்கள் அந்தப் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு, "எங்க வீட்டுல வந்திருக்கு" என்பார்கள். அவ்வளவுதான். கேட்டவர் புரிந்துகொண்டு ஒதுங்கிப் போவார்.

சுண்ணாம்பு சுடுகிற மருதாயி வீட்டிலும் அப்படித்தான் வந்திருந்தது, புருஷனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும். அவள் வெளியே கால் வைத்தால் தெருவெல்லாம் பரவும். வைக்காவிட்டால் அடுப்பு எரியாது. பானையைச் சுரண்டிக் கஞ்சி வைத்தாயிற்று. நாளைக்குச் சுரண்டவும் ஒன்றுமில்லை.

அமைச்சர் சாத்தையா இதைச் சபையில் சொன்னார். "மகாராஜா, களஞ்சியத்தில் நெல் நிரம்பிக் கிடக்கிறது. நாமே வண்டியில் ஏற்றிப்போய் அவரவர் வாசலில் இறக்கிவிடலாம். அவர்கள் வீட்டுக்குள் இருந்தால்தான் இது அடங்கும்."

ராஜா தலையாட்டப் போனார். அதற்குள் ஒரு கனைப்பு. களஞ்சியத் தலைவர் கனகாபரணர்! சாத்தையா சொல்லி ராஜா தலையாட்டினாலே இவருக்கு நெஞ்செரிச்சல். முகத்தில் விரல் கனத்துக்குச் சந்தனம் அப்பியிருப்பார். பேச்சும் அதே கனம், மூக்கு வழியாகத்தான் வரும்: "மகாப்பிரபோ! மகாஜனங்களை வைசூரி ரோகம் பீடித்துள்ளமை மெய்யே. எனினும் தானியமானது இல்லம் தேடிச் செல்லின் அரசின் மாட்சிமை என்னாவது? வேண்டுவோர் அரண்மனை வாயிலுக்கு வந்து, கைகட்டி நின்று..."

ராஜா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஆணையாகச் சொல்லும் ஐயா! மூன்றே சொல்!"

கனகாபரணர் சந்தனம் வெடிக்கச் சிரித்தார். "வந்தவர்க்கே நெல்."

ராஜா விரல் விட்டு எண்ணினார். "அட, இரண்டே சொல்! ஒன்று மிச்சம்! போடு முத்திரை! இதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் மாற்றியவர் பதவி காலி!"

சாத்தையா முத்திரை விழுந்த ஓலையை வாங்கி ஒருமுறை படித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எழுத்தைத் தொடவே மாட்டேன், மகாராஜா. இந்த ஆணையை நானே நடத்திவைக்கிறேன்."

கனகாபரணருக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. மைத்துனருக்கு உடனே ஆள் விட்டார்: "பெரிய வண்டியாகக் கொண்டு வா. படுத்திருப்பவர் எவரும் வரப்போவதில்லை. அத்தனை நெல்லும் நமக்கே!"

மறுநாள் காலை மைத்துனர் வண்டியோடு வந்து நின்றார். காவல்காரன் தாண்டவனுக்குச் சாத்தையா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அவன் கேட்டான்:

"ஐயா, வந்திருக்கா?"

"என்னடா மரியாதை? வந்திருக்கேன், கண்ணு தெரியலையா?"

"நீங்க வந்தது தெரியுதுங்க. உங்களுக்கு வந்திருக்கா?"

"எனக்காகத்தாண்டா வந்திருக்கேன்!"

"வீட்டுல வேற யாருக்காச்சும்?"

"எல்லாருக்கும் சேர்த்துத்தான் வண்டியோட வந்திருக்கேன்!"

தாண்டவன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "நல்லா கல்லு மாதிரி இருக்கீங்க. வரலைங்க. வந்தவர்க்கே நெல். வண்டியைத் திருப்புங்க."

உஷ், இன்னும் உதட்டைத் திறக்காதீர்கள்.

அதே நேரத்தில் பின்வாசல் வழியாக நெல் வண்டிகள் வேப்பிலைத் தெருக்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. தள்ளியவர்கள் முன்பே அம்மை கண்டு பிழைத்தவர்கள். அவர்களை அது மறுபடி அண்டாது.

கனகாபரணர் சபைக்கு ஓடி வந்தார். "மகாப்பிரபோ, ஆணை மீறல்! வந்தவனைத் துரத்திவிட்டு வராதவர்க்கு வாரி வழங்குகிறார்!"

"இல்லை, மகாராஜா," என்றார் சாத்தையா. "மருதாயி வீட்டில் மூன்று பேருக்கு வந்திருக்கிறது. கொடுத்தேன். இவர் மைத்துனருக்கு வரவே இல்லை. கொடுக்கவில்லை."

"வந்தானே! நானல்லவா வரச் சொன்னேன்!"

"நீங்கள் சொன்னால் வந்துவிடுமா, கனகாபரணரே?"

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு (சரி, இப்போது உதட்டைத் திறக்கலாம்) கிரீடம் கழன்று மடியில் விழும்வரை சிரித்தார். சபையே சிரித்தது. ராஜா சிரிக்கிறாரே என்று கனகாபரணரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

"மகாராஜா, வேலை போய்ப் பசி வந்தவர்களும் இருக்கிறார்கள்..." என்று இழுத்தார் சாத்தையா.

"பசி வந்தாலும் வந்ததுதானே? கொடும்!" ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு சொல் மிச்சம் இருந்ததே, எழுதும்: வந்தவர்க்கே நெல், வீட்டிலேயே. சாத்தையா, களஞ்சியச் சாவி இனி உம்மிடம். கனகாபரணரே, நீர் வண்டி தள்ளும். உம்மை ஒன்றும் அண்டாது. சந்தனத்துக்கு அடியில் இருப்பது எனக்குத் தெரியும்."

"ஆணையில் பசி எங்கிருந்து வந்தது?" என்று முணுமுணுத்துக்கொண்டே கனகாபரணர் வண்டியைத் தள்ளினார். வெயிலில் சந்தனம் கரைந்து மார்பில் ஓடியது. கன்னமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மருதாயி வீட்டை நெருங்கினார். உள்ளே உலக்கைச் சத்தம். ஒரு பிள்ளை இன்னொரு குவளை கஞ்சி கேட்டு அடம்பிடித்தது.

"ஐயா, கிட்ட வராதீங்க!" என்று மருதாயி உள்ளிருந்து கத்தினாள். "எங்க வீட்டுல வந்திருக்கு!"

"யார் வந்திருப்பது? விருந்தினரா? அவருக்கும் ஒரு மூட்டை வேண்டுமோ?"

"ஐயோ, வந்திருக்குங்க! உங்களுக்கு முன்னாடியே வந்திருந்தா பயமில்ல. வந்திருக்கா?"

கனகாபரணர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். முதல் தடவையாக மூக்கை விட்டு வாயால் பேசினார்: "பயப்படாதே தாயே. எனக்கு அது சின்ன வயசுலயே வந்து..."

வாய் அப்படியே நின்றது.

"...வந்து..."

வேப்பிலையைப் பார்த்தார். தோளில் இருந்த மூட்டையைப் பார்த்தார். அரண்மனை இருந்த பக்கம் திரும்பினார்.

"அடப்பாவி சாத்தையா!"