சென்னியப்பன் பட்டறையில் கட்டுச்சோறு

சென்னியப்பன் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடமாக மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் நான். என் காதில் அவ்வளவு சுலபமாகப் பூச்சுற்ற முடியாது.

அன்று புதன்கிழமை. மகள் தாரணிக்கு ஒன்பதாம் மாதம். ஒன்பது வகைச் சோறு கட்டிக்கொண்டு நானும் என் மனைவி துளசிமணியும் தாராபுரத்துச் சம்பந்தி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் கட்டுச்சோறு என்றால் சாதாரணமில்லை. எத்தனை வகை வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்பதைப் பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம், அதற்குள் வந்துவிட வேண்டும் என்று சம்பந்தியம்மா மூன்று தடவை போன் செய்திருந்தார். காங்கேயம் தாண்டுவதற்குள் கார் இரண்டு விக்கல் விக்கிவிட்டு நின்றது. அதற்கப்புறம் சாவியை எத்தனை தடவை திருப்பினாலும் மூச்சுப் பேச்சில்லை. மணி ஒன்பதரை.

தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம்தான் மெக்கானிக் சென்னியப்பன் பட்டறை. அங்கே கோழித்தீவன வேன் டிரைவர் மாரப்பன் தன் வண்டிக்காகக் காத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாளும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.

சென்னியப்பன் பானெட்டைத் திறக்கவில்லை. அதன்மேல் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

"இஞ்சினை ஓட்டற கம்ப்யூட்டர் போயிருச்சுங் சார்" என்றார்.

"ஸ்கேனர் போட்டுப் பார்க்க மாட்டீங்களா?"

"போடறனுங்க. அது படிச்சவங்களுக்கோசரம். எனக்குக் காதே போதுமுங்க. போன வருசம் பல்லடத்துலருந்து ஒருத்தர் போன் பண்ணுனாருங்க, வண்டி நின்னுபோச்சுன்னு. போனை பானெட்டுக்குப் பக்கத்துல வெய்யுங்கன்னேன். ரெண்டு நிமிசம் கேட்டேன். முப்பத்திரெண்டாம் பின்னு லூசு, உங்களுக்குச் சக்கரை எரநூத்தி நாப்பது, ரெண்டையும் பாருங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"சாப்பிடறதுக்கு முன்னயா, பின்னயா?" என்றார் மாரப்பன்.

"பின்னயுங்க" என்றார் சென்னியப்பன், கொஞ்சமும் தயங்காமல்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகினார். வண்டியிலிருந்து பதிலே வரவில்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்குக் கரண்டு போகிறதா, எர்த்து சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒழுங்காக இருந்தன. "சோறு போடறோம், தண்ணி குடுக்கறோம், ஆனாலும் பேச மாட்டேங்குது. அப்ப ஆளே இல்லீன்னு அர்த்தமுங்க. மாத்தியே ஆகோணும்" என்றார்.

பின்னால் ஒரு இரும்பு அலமாரி. அதில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய கம்ப்யூட்டர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றில் ஒன்றை மாட்டிவிட்டால் முடிந்தது என்றேன்.

"அப்புடி மாட்டக்கூடாதுங் சார். மூளையில்லீங்களா? பழைய புத்தி உள்ளயே இருக்கும். ஒருக்கா நம்மூரு டாக்டர் கார்ல மினிபஸ்ஸுப் பொட்டிய மாட்டிப்போட்டேன். ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா வண்டி தானா நிக்குதுங்க. 'ரைட்'டுன்னு ஒருத்தர் பொறத்தால தட்டுனாத்தான் நகருது. டாக்டரு என்ன பண்ணுவாரு? கம்பவுண்டரைக் கண்டக்டரா ஏத்திக்கிட்டாரு. இப்ப கிளினிக்க விட டிக்கெட்டுலதான் வருமானமுன்னு கேள்வி."

"அந்தப் பஸ்ஸுல போனவங்க யாராச்சும் உண்டா?" என்றார் மாரப்பன்.

"உக்கார எடமே கெடைக்கறதில்லீங்க."

மணி பத்தே கால். ஐப்பசி மாதம்தான், ஆனால் வெயில் சித்திரையைப்போல அடித்தது. துளசிமணி டிக்கியைத் திறந்து தயிர்சோற்றை மோந்து பார்த்தாள். முகம் மாறியது. "இன்னும் அரை மணியில புளிச்சுரும். சம்பந்தி வூட்டுல கொண்டுபோய்ப் புளிச்ச சோறு வெக்கறதுக்கு, இங்கயே குடுத்துரலாம்" என்றாள். தட்டுகள் வந்தன. தயிர்சோறு போனால் எட்டு, இரட்டைப்படை ஆகாது. அதனால் எலுமிச்சைச் சோறும் கூடவே போனது. ஒன்பது ஏழாயிற்று. எனக்கு வயிறு எரிந்தது. சென்னியப்பனுக்கு வயிறு நிறைந்தது, கதை இன்னும் தெம்பாகக் கிளம்பியது.

"அப்புறம் ஒரு கட்சிக்காரரு வண்டிப் பொட்டி. அதை ஒரு தறிக்காரரு கார்ல மாட்டுனேன். டோல்கேட்டுல நிக்க மாட்டேன்னுருச்சு. பொறத்தால நாலு வண்டி வந்தாத்தான் ஓடும். பூக்கடையக் கண்டா மாலைக்காக நிக்கும். எலெக்சன் வந்துச்சுங்க, அவரு வலப்பக்கம் ஒடிச்சா அது எடப்பக்கம் போவுது. ஓட்டு எண்ணி முடிச்ச அன்னைக்கு, ஆரு ஜெயிச்சாங்களோ அவங்க வூட்டு வாசல்ல தானாப் போயி நின்னுக்கிச்சு. அவுங்க திருப்பியே குடுக்கலீங்க."

"இதை மட்டும் நம்பறேன்" என்றார் மாரப்பன், எலுமிச்சைச் சோற்றை வழித்துக்கொண்டு.

"அதெல்லாங்கூடப் பரவால்லீங்க. ஒரு கவருமெண்டு ஜீப்புப் பொட்டி இருந்துச்சு. ஒரு வெங்காய வியாபாரி அவசரம்னு மாட்டிக்கிட்டுப் போனாரு. காத்தால பத்தரைக்கு முன்னாடி ஸ்டார்ட் ஆகாது. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு ஆப்பாயிரும். அஞ்சே முக்காலுக்கு நொய்யல் பாலத்து மேல நின்னுருச்சுங்க, நாளைக்கு வாங்கன்னுட்டு. வெங்காயமெல்லாம் மொளைச்சுப்போச்சு. அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடுனதும் ரிட்டயர்டு ஆயிருச்சு. இப்ப வண்டி வூட்டுல சும்மாதான் நிக்குது. ஆனா மாசம் பொறந்தா அஞ்சு லிட்டர் பெட்ரோலு பென்சன் ஊத்தோணும். வருசத்துக்கு ஒருக்கா, உசுரோட இருக்குதுன்னு ஆபீசுக்குக் கட்டி இழுத்துட்டுப் போயிக் காட்டோணும்."

"அது செத்துப்போனா?" என்றார் மாரப்பன்.

"டெம்போ ஒண்ணு வெச்சிருக்காருங்க. அதுக்குப் பாதிப் பென்சன்."

இப்படிப் பேசிக்கொண்டே என் வண்டியின் பெட்டியைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார். வயர் சொருகும் வாயைப் பார்த்தவர் முதல் முறையாகப் பேச்சை நிறுத்தினார். மாரப்பன் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

உள்ளே பின்னெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. இடுக்கில் மஞ்சளாகக் காய்ந்து கிடந்ததைச் சுரண்டி மோந்தார்.

"சந்தனமுங்களா சார்?"

மறைத்து என்ன பயன். மூன்று வாரத்துக்கு முன் ஆயுத பூஜை. வண்டிக்குப் பொட்டு என்றால் ஊரே பானெட்டுக்கு வைக்கும். காரின் மூளை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தானே. மூடியைக் கழற்றி, வயரைப் பிடுங்கி, மூளைக்கே சந்தனம் குங்குமம் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். பார்க்கவும் அழகாக இருந்தது, ஒரு படம்கூட எடுத்துக்கொண்டேன். துளசிமணி அன்றே வேண்டாம் என்றாள். இயற்பியல் தெரியாதவள் என்று விட்டுவிட்டேன்.

"வெளியே சொல்லிவிடாதீங்க" என்றேன் மெதுவாக. வெட்கமாக இருந்தது.

"நான் சொன்னா மட்டும் எவனுங்க நம்புவான்?" என்றார் சென்னியப்பன்.

அலமாரியிலிருந்து இதே மாடல் பெட்டி ஒன்றை எடுத்தார். யாருடைய வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டேன். கேட்டபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

"கல்யாண மண்டபச் சமையக்காரருதுங்க. பந்திக்கு நேரமாச்சுன்னா தானாப் பறக்குமுங்க."

மாட்டிய பிறகும் வண்டி கிளம்பவில்லை. புதுப் பெட்டிக்கும் பழைய சாவிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும், ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொண்டால்தான் எந்திரிக்கும் என்று மடிக்கணினியை விரித்தார். அதையும் புளுகு என்றே நினைத்தேன். அது நிஜம் என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அந்தப் பொருத்தம் பார்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. சாவியை ஒரு தடவை திருப்பியதுமே வண்டி உறுமியது.

சமையல்காரர் பெட்டி பறக்கவெல்லாம் இல்லை. தாராபுரம் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். சம்பந்தியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "ராகுகாலம் முடியட்டுமுங்க, ஒண்ணரைக்கு உள்ள வாங்க" என்று எங்களை வாசல் பந்தலிலேயே உட்கார வைத்தார். பிறகு பாத்திரங்களை எண்ணினார். "ஏழுங்களா? ஒம்பதுன்னு சொன்னாப்புல ஞாபகமுங்க" என்றார்.

சொந்தக்காரர்கள் முப்பது பேர் என் வாயையே பார்த்தார்கள். இருபத்தாறு வருட வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நேத்து ராத்திரி சூரியனில் பெரிய வெடிப்புங்க. அதில் கிளம்பிய கதிர் எட்டே நிமிடத்தில் பூமிக்கு வந்து, நேராக என் வண்டிக் கம்ப்யூட்டரில் இறங்கிவிட்டது. தமிழ்நாட்டிலேயே மூன்று வண்டிதான். அது போகிற போக்கில் தயிரையும் எலுமிச்சையையும் தாக்கியதால் அந்த இரண்டு சோற்றையும் உடனே அப்புறப்படுத்தும்படி ஆகிவிட்டது."

"ராத்திரி ஏதுங்க சூரியன்?" என்றார் ஒரு பெரியவர். அதற்கும் பதில் வைத்திருந்தேன். ஆனால் தாரணி முந்திக்கொண்டாள்.

"அப்பா, ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமமெல்லாம் வெச்சு, 'மூளைக்கும் ஒரு பொட்டு'ன்னு குடும்ப குரூப்புல போட்டோ போட்டீங்களே, அதே கம்ப்யூட்டருங்களா?"

துளசிமணி பந்தலின் ஓலையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அதுங்களா? அந்தப் போட்டோவுக்கு நானுங்கூடக் கும்புடு போட்டனுங்களே" என்றார் சம்பந்தியம்மா. சொல்லிவிட்டு, ஒன்றரை ஆக இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று உள்ளே எட்டிக் கடிகாரத்தைப் பார்த்தார்.