இடிக்குரலனின் இனிப்புப் பாட்டு

சுனைக்காட்டில் இடிக்குரலன் என்று ஓர் அண்டங்காக்கை இருந்தது. அந்த வட்டாரத்திலேயே பெரிய பாடகன் அதுதான்.

மாலையானால் மருத மரத்து மொட்டைக் கிளையில் ஏறி நிற்கும். தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு 'கா' போடும். அவ்வளவுதான்! பக்கத்து விளாமரம் கிடுகிடுவென்று ஆடி, பழமெல்லாம் பொத்துப் பொத்தென்று விழும். அந்தக் காட்டுக் குரங்குகள் மரமேறவே மறந்துபோனது இதனால்தான். பொய் என்றால் குரங்குகளையே கேட்டுக்கொள்ளலாம். மரங்கொத்தி பட்டமரத்தில் தாளம் போடும். எருமைகள் கொம்போடு கொம்பு மோதித் தலையாட்டும். பன்றிகள் சேற்றில் எம்பி எம்பிக் குதித்து, "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கத்தும்.

இவ்வளவு பேர் எடுத்திருந்தும், அந்தப் பங்குனியில் இடிக்குரலனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமரம் பூத்துவிட்டது. குயில் பாடத் தொடங்கிவிட்டது. எந்தப் பக்கம் போனாலும் குயில் பாட்டுதான். எருமைகூட அசைபோட்டுக்கொண்டே அதை முனகியது!

வழியில் அணில் வந்தது.

"ஏன் அணிலே, நேத்துக் கச்சேரிக்கு உன்னைக் காணோமே?"

"வந்தா தூக்கம் போயிடுது மாமா! பிள்ளைங்க வேற அலறுதுங்க. சின்னதா, இனிப்பா ஒண்ணு பாடக் கூடாதா?"

அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. இந்தக் கிளையில் உட்கார்ந்தால் அந்தக் கிளை அழைத்தது. அந்தக் கிளைக்குப் போனால் அது காலைச் சுட்டது. வேப்பமரத்துக் கூட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த மனைவி மையழகிக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க இது! இரை கேட்டா சுள்ளி கொண்டு வர்றீங்க. சுள்ளி கேட்டா வெறும் வாயோட வர்றீங்க. பித்துப் பிடிச்சிருக்கா?"

"வித்வான் மனசு உனக்கெங்கேடி புரியப்போகுது!"

"சரி வித்வானே, முட்டைமேல கொஞ்சம் உட்காருங்க. நான் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."

உட்கார்ந்தது. மையழகி திரும்பி வருவதற்குள் நாலு தடவை எழுந்துவிட்டது.

மறுநாள் குளக்கரைப் புதரில் ஒரு குயிலைக் கண்டது. அலகை ஓங்கிக்கொண்டு பாய்ந்தது.

"கொத்துங்க அண்ணே, தாராளமா கொத்துங்க! ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. நான் உங்க ரசிகன்!" என்றது குயில்.

ஓங்கிய அலகு பாதியில் நின்றது.

"உங்க குரலுக்குப் பன்றியும் எருமையும் போதுமா அண்ணே? மானும் மயிலும் மயங்க வேண்டாமா? ஒரே ஒரு பாட்டு! நெல்லிக்காய் அளவு போதும். கேட்டவன் வாயில ஒட்டிக்கணும். நான் சொல்லித் தர்றேன்."

"உனக்கு இதுல என்ன லாபம்?"

"நீங்களும் கறுப்பு, நானும் கறுப்பு. நமக்குள்ள என்ன அண்ணே லாபம்!"

அன்றிலிருந்து ரகசியமாகப் பயிற்சி நடந்தது. 'கா' மெல்லத் தேய்ந்து 'கூ' ஆயிற்று. குயிலும் சளைக்காமல் சொல்லிக் கொடுத்தது. கடைசியில், "இப்ப கேட்டா என் பெண்டாட்டியே நான்னு நினைப்பா!" என்றது.

"எங்கே அரங்கேற்றம்?"

"உங்க வேப்பமரத்துலதான்! சொந்த பந்தமெல்லாம் அசரணும். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. இலைக்குள்ள ஒளிஞ்சு பாடுங்க. பாட்டு மட்டும் தெரியணும், பாடகன் தெரியக் கூடாது!"

பழைய பித்துக்குப் புதுப் பித்து மருந்தானது. இடிக்குரலன் ஒன்றை மறந்தேபோனது. காக்கைக் குலத்துக்கு ஒரு சட்டம் உண்டு: கூட்டுப் பக்கம் 'கூ' என்று கேட்டால் முதலில் கொத்து, பிறகு கேள்!

விடிந்து வெயில் ஏறியது. இடிக்குரலன் வேப்பிலைக்குள் புகுந்து, கண்ணை மூடி, பாட்டை எடுத்தது.

ஆகா! தேனில் முக்கிய மாதிரி வந்தது குரல். அணில் கொறிப்பதை நிறுத்தியது. தண்ணீர் குடிக்க வந்த மான் தலை தூக்கியது. பன்றிகள் சேற்றில் அப்படியே சொக்கி உட்கார்ந்தன.

"குயில் டோய்! விடாதே!" என்று ஒரு காக்கை கத்தியது.

எட்டுத் திசையிலிருந்தும் காக்கைகள் பறந்து வந்தன. இடிக்குரலன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது. அம்மாடி, எவ்வளவு கூட்டம்!

"ரசிகர்கள்!" என்று பூரித்து, இன்னும் உயர்த்திப் பாடியது.

முதல் கொத்து முதுகில் விழுந்தது. கொத்தியது மையழகி. முட்டைகளைக் காப்பாற்ற முதல் ஆளாகக் கூட்டை விட்டுப் பாய்ந்திருந்தது.

"நான்தான்டி! உன் வீட்டுக்காரன்!" என்று கத்தப் பார்த்தது இடிக்குரலன். பயத்தில் வாயில் வந்தது என்னவோ 'கூ... கூ...' தான்! இறகு பறக்க ஓடியது. காக்கைக் கூட்டம் குளத்தைத் தாண்டித் துரத்தியது. அக்கரைச் சேற்றில் குப்புற விழுந்து, சேற்றை விழுங்கி, புரையேறி, "கர்ர்ரா!" என்றபோதுதான் காக்கைகள் ஆளை அடையாளம் கண்டன.

"ஐயோ, நீங்களா! மானம் போச்சே!" என்று தலையிலடித்துக்கொண்டு மையழகி கூட்டுக்குத் திரும்பிப் பறந்தது.

இடிக்குரலன் நொண்டி நொண்டிப் பின்னால் வந்தது. வழியில் கீரி மறித்தது. "அண்ணே, காலையில ஒரு குயில் பாடிச்சே, கேட்டீங்களா? என்ன பாட்டு! நீங்களும்தான் இருக்கீங்களே!"

கீரியைச் சுற்றிக்கொண்டு நடந்தது இடிக்குரலன். வேப்பமரத்தடிக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. அங்கே ஒரு காக்கை முட்டை உடைந்து கிடந்தது. எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. மேலே உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு பெண்குயில் மாந்தோப்பைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது. எல்லாம் விளங்கிவிட்டது.

பதறிக் கூட்டுக்கு ஏறியது. "மையழகி, எழுந்திரு! இதுல ஒண்ணு நம்ம முட்டை இல்லை! குயில் முட்டை! அந்தச் சின்னதைத் தள்ளு!"

மையழகி இறக்கையை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டது.

"காலையில குயிலாட்டம் பாடினீங்க. இப்ப என் முட்டையையே குயில் முட்டைங்கிறீங்களா? வெயில்ல கொஞ்சம் சுருங்கியிருக்கும். இனி கூட்டுப் பக்கம் வாயைத் திறந்தீங்க, மறுபடியும் கொத்துவேன்!"

இடிக்குரலன் வாயை மூடிக்கொண்டது. முட்டைகள் பொரிந்தன. எல்லாக் குஞ்சுகளையும் முந்திக்கொண்டு வாய் பிளந்த குஞ்சுக்கு, கோடை முடியும்வரை அது புழு தேடித் தேடிக் கொண்டுவந்தது.

கைதட்டு வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வந்தால், பாட்டைக் கேட்பதற்கு முன்னால் அவன் கண் நம் வீட்டில் எதன்மேல் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.